எந்திரத் தங்கை

சங்ககிரி
10-6-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சௌந்திரம் எழுதுவது. ராதாமணிக்கும் பூங்கொடிக்கும் பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. மழையைக் காணோம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நாலாம் மாதத்துக் குமட்டல்தான். குசலம் இவ்வளவு போதும், கதைக்கு வருகிறேன்.

உங்கள் தொடர்கதை இந்த ஊரில் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். பிரமாதமாகப் போகிறது. பத்திரிகை வருகிற நாளில் உங்கள் மாப்பிள்ளையின் லாரி ஆபீசில் வேலையே ஓடுவதில்லை. டிரைவர் கண்ணுசாமி உரக்கப் படிக்கிறார். லோடு கேட்டு வந்தவர்கள், பஞ்சர் ஒட்டுகிறவர், டீ கொண்டுவந்தவர் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். எல்லோரும் கேட்டு முடித்த பிறகுதான் பத்திரிகை வீட்டுக்கு வரும். கிரீஸ் கறைக்கு நடுவில் தேடித் தேடிப் படிக்கிறேன். உங்கள் கையெழுத்துப் பிரதியையே முதலில் படித்தவளுக்கு வந்த கதியைப் பாருங்கள்.

இதுவரை நீங்கள் எழுதியதிலேயே இதுதான் அசல். முகத்துக்காகச் சொல்லவில்லை. சந்திரனில் நிலக்கடலை விதைத்த கதையில்கூட, ராக்கெட்டில் இருந்த பெண்தான் எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். மாட்டுவண்டி போய் ராக்கெட் வந்தது, சமையல்கட்டு மட்டும் அப்படியே இருந்தது. சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள் என்று அப்போது விட்டுவிட்டேன். இந்தக் கதை அப்படியில்லை. வயிற்றில் இருப்பது பெண் என்று காட்டிக்கொடுக்கிற மிஷின், அதைப் பார்த்துப் பார்த்தே பெண்ணில்லாமல் போன நம் சீமை. 2040-இல் ஒரு பையனுக்கு எங்கிருந்தோ பெண் அமைகிறது. ஆனால் கல்யாணத்தில் அவனோடு இணைச்சீரில் நிற்க உடன்பிறந்தவள் இல்லை, சித்தப்பன் மகள் பெரியப்பன் மகள்கூட இல்லை. கூறைச்சேலையை மூங்கில் பேழைமூடியில் வைத்துத் தூக்கிவர வாடகைக்கு ஓர் எந்திரத் தங்கையைக் கொண்டுவருகிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உங்கள் கல்யாணத்தில் நான் அதே பேழைமூடியைத் தூக்கியவள் அல்லவா.

லாரி ஆபீசில் என்ன நடந்தது தெரியுமா? கண்ணுசாமி படித்து முடித்ததும் ஒருத்தர் சொன்னாராம்: "ஏனுங்க, பொட்டப்புள்ளயே இல்லீன்னா இணைச்சீருக்கு ஆளுக்கு எங்க போறதுன்னுதான் ஒரு ரோசன இருந்துச்சு. அதுக்கும் மிசினு வந்துருமாட்ட இருக்குது. அப்பறம் என்னுங்க கவல?" ஆபீஸ் முழுக்கச் சிரிப்பாம். உங்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

என் மாமியார் சிரிக்கவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது, பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "அம்மிணி, உன்ற அண்ணனுக்கு ஒரு காயிதம் போடு. அந்த மிசினு சேலத்துல எந்தப் பக்கம் இருக்குதுன்னு கேளு. இத்தன தொளைச்சு எழுதியிருக்கறவருக்குத் தெரியாமயா இருக்கும்?" என்றார். அது கதை என்றேன். "ரெண்டு பொட்டயப் பெத்துப்போட்டு மூணாவதையும் வகுத்துல வெச்சிருக்கறவ கதையிங்கறா" என்று போய்விட்டார்.

அப்படி ஒரு மிஷின் கிடையாது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். காட்டி வாயை அடைத்துவிடுகிறேன். வீட்டில் வசந்தாமணி நங்கையை விசாரித்ததாகச் சொல்லவும். பங்குனியில் விழுந்த உடம்பு தேறிவிட்டதா?

உங்கள் தங்கை,
சௌந்திரம்

*

ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
18-6-1987

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

உன் கடிதம் கண்டு முதலில் சிரித்தேன். பிறகு தலையில் அடித்துக்கொண்டேன். லாரி ஆபீஸ் மட்டுமல்ல, பத்திரிகைக்கும் அப்படித்தான் கடிதங்கள் வருகின்றனவாம். 'அன்னாரின் கதையில் வரும் மருத்துவமனையின் விலாசம் தெரிவித்தால் உதவியாக இருக்கும்' என்று ஒரு தலைமையாசிரியர் எழுதியிருக்கிறார். ஆசிரியர் போனில் அதைப் படித்துக்காட்டி, "பரவாயில்லையே சார், நல்ல வரவேற்பு" என்கிறார். நான் பேயைக் காட்டினால் இவர்கள் பேய்க்கு வீட்டு நம்பர் கேட்கிறார்கள்.

விஞ்ஞானக் கதை எழுதுகிறவனை ஜோசியக்காரன் என்றே நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். கல்லூரியில் என்னோடு கெமிஸ்ட்ரி நடத்துகிறவர்களே, "இரண்டாயிரத்தில் தங்கம் விலை என்ன ஆகும்?" என்று கேட்கிறார்கள். எதிர்காலத்தைப் பற்றி எழுதுகிறவன் உண்மையில் பக்கத்து வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறான். பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வரக்கூடாதே என்று வருடத்தை மட்டும் தள்ளிப்போடுகிறான். இதைப் புரிந்துகொள்கிற வாசகி எனக்கு ஒருத்திதான், அவள் சங்ககிரியில் கிரீஸ் கறைக்குள் படித்துக்கொண்டிருக்கிறாள்.

காபி விஷயம் சொன்னாயே, அது ரொம்பச் சரி. புத்தகமாக வரும்போது திருத்திவிடுகிறேன்.

உன் மாமியாருக்கு நான் சொன்னதாகச் சொல்: அது முழுக்க முழுக்கக் கற்பனை. அப்படி ஒரு மிஷின் சேலத்திலும் இல்லை, சென்னையிலும் இல்லை. இன்னும் பல வருடத்துக்கு வரப்போவதும் இல்லை. வசந்தாமணி சுமாராக இருக்கிறாள். மகள் தேன்மொழி, அத்தை எப்போது வருவாள் என்று கேட்டாள்.

அன்புடன்,
அர்த்தநாரி

*

சங்ககிரி
8-7-1987

அண்ணனுக்கு,

இதை அவசரமாக எழுதுகிறேன். ராதாமணியைப் பள்ளிக்கூடம் போகிற வழியில் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார்கள். குழந்தை நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் போகிறோம் என்று சொன்னார்கள், நானும் போனேன். உங்கள் கடிதத்தை மாமியாருக்குப் படித்துக் காட்டியிருந்தேன், அதனால் சந்தேகப்படவில்லை. அந்தத் தைரியத்தை எனக்குக் கொடுத்தது நீங்கள்.

வெளியே உட்காரும் இடத்தில் மீன் தொட்டி ஒன்று இருந்தது. தண்ணீர் இருந்தது, கூழாங்கல் இருந்தது, மீன் இல்லை. இதை முன்பே பார்த்த மாதிரி இருந்தது. எங்கே பார்த்தோம் என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன். வயிற்றில் பசை மாதிரி ஒன்றைத் தடவினார்கள், சில்லென்று இருந்தது. டாக்டர் சின்ன டி.வி. பெட்டியைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து போய் மூலையில் இருந்த குழாயில் கை கழுவினார். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, அண்ணா. உங்கள் கதையில் மூன்றாவது வாரம். ஆணாக இருந்தால் டாக்டர் சிரித்துப் பேசுவார், பெண்ணாக இருந்தால் எழுந்துபோய் மூலைக் குழாயில் கை கழுவுவார். வெளியே மீனில்லாத தொட்டி. 2040-ஆம் வருடத்து ஆஸ்பத்திரி என்று எழுதியிருந்தீர்கள்.

உங்கள் மாப்பிள்ளைக்கும் புரிந்துவிட்டது. அவர்தான் அந்த வாரத்தை ஆபீசில் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டவராயிற்றே.

பக்கத்து வீட்டைப் பற்றி எழுதுவதாகச் சொன்னீர்கள். பக்கத்து வீட்டுக்காரி படுத்த அறையில் குழாய் எந்த மூலையில் இருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பங்குனியில் வசந்தாமணி நங்கைக்குத் தானாகக் கலைந்துபோய்விட்டது என்றுதானே எனக்குத் தந்தி கொடுத்தீர்கள்? நான் வந்து பத்து நாள் இருந்து, கோழிச்சாறு வைத்துக் கொடுத்து, தலைக்கு ஊற்றிவிட்டுப் போனேன். நங்கை சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். பிள்ளை போன துக்கம் என்று நினைத்தேன். நீங்கள் பக்கத்து அறையில் எழுதிக்கொண்டிருந்தீர்கள். என்ன எழுதினீர்கள் என்று இப்போது தெரிகிறது.

சரி, அதைப் பேச இப்போது நேரமில்லை. நீங்கள் செய்ததற்கு நான் நியாயம் கேட்க வரவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான்.

ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழன், பதினாறாம் தேதி, மறுபடியும் அங்கே போகிறோம். நான் மாட்டேன் என்றேன். உங்கள் மாப்பிள்ளை அடிக்கவில்லை, திட்டவில்லை. "எனக்கு மட்டும் ஆசையா? மூணு புள்ளைக்கும் சீரு செஞ்சு கட்டிக்குடுக்க நான் எத்தன லாரி ஓட்டோணும்?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார். அவர் அழுதாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. அழுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

நீங்கள் வாருங்கள். வந்து, "பிரசவத்துக்குத் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கறேன்" என்று சபையில் சொல்லுங்கள். ஐந்தாம் மாதம் என்றால் என்ன, சீக்கிரம் கூட்டிப்போகிறோம் என்று சொல்லுங்கள். அப்பனும் ஆத்தாளும் இல்லாத எனக்கு உங்கள் வீடுதான் பிறந்த வீடு. உடன்பிறந்தவன் வீடேறி வந்து கூப்பிட்டால் அனுப்ப மாட்டேன் என்று சொல்கிற குடும்பம் நம் பக்கம் கிடையாது. மாமியாருக்கே அந்தத் துணிச்சல் வராது. எட்டூருக்குப் பேச்சாகிவிடும். நானாக வந்தால் ஓடிவந்தவள் ஆவேன், ராதாமணியையும் பூங்கொடியையும் கண்ணில் காட்ட மாட்டார்கள். நீங்கள் வந்து கூப்பிட்டால் மூவருமாக வருவோம். பிறந்த பிறகு பிள்ளை முகத்தைப் பார்த்தால் அவர் மாறிவிடுவார், எனக்கு அவரைத் தெரியும்.

பணம் காசு வேண்டாம், சண்டை வேண்டாம். வந்து நின்றால் போதும்.

சௌந்திரம்

*

ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
13-7-1987

அன்புள்ள அம்மிணி சௌந்திரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதில் எழுத உட்கார்ந்து நாலு தடவை கிழித்துப் போட்டேன்.

முதலில் ஒன்று. ஓர் எழுத்தாளன் எதை எங்கிருந்து எடுத்தான் என்று துருவக்கூடாது. மீன் தொட்டி எந்த ஆஸ்பத்திரியில்தான் இல்லை? டாக்டர்கள் எல்லோரும் கை கழுவத்தான் செய்வார்கள். நங்கையைப் பற்றி நீ எழுதியது எனக்கு ரொம்ப வருத்தம். அந்தக் கடிதத்தை அவள் பார்க்காமல் எடுத்து வைத்திருக்கிறேன். இனி அந்தப் பேச்சு நம் இருவருக்குள்ளும் வேண்டாம்.

நான் வருவதைப் பற்றி. வருவது பெரிய விஷயமில்லை. வந்த பிறகு என்ன என்பதை நீ யோசிக்கவில்லை. உன்னை இங்கே கூட்டிவந்து ஐந்து மாதம் வைத்துக்கொண்டால், வசந்தாமணி தினமும் உன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு இந்த வீட்டில் எப்படி இருப்பாள்? அவளுக்கு ஏற்கெனவே தூக்கம் இல்லை, மாத்திரை போட்டுக்கொள்கிறாள். எதற்காக உன்னைக் கூட்டிவந்தேன் என்று அவளிடம் நான் என்ன வாயை வைத்துக்கொண்டு சொல்வேன்? உன் பக்கம் ஒரு நியாயம் இருந்தால் அவள் பக்கமும் ஒன்று இருக்கிறது.

இரண்டாவது, ஒரு குடும்பத்துக்குள் புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடிக்க வேண்டியதில் மூன்றாம் மனிதன் புகுந்தால் முறிந்துதான் போகும். மாப்பிள்ளை செங்கோட்டையன் கெட்டவனில்லை, நீயே எழுதியிருக்கிறாய். அவனுக்குத் தனியாக, பக்குவமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். யோசிப்பான்.

ஒருவேளை அவன் யோசிக்காவிட்டால், நீ விஞ்ஞான மனதோடு இதைப் பார்க்க வேண்டும். ஐந்தாம் மாதத்தில் அது இன்னும் முழு உயிர் இல்லை. உனக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நீ வேண்டும். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கல்லூரியில் அட்மிஷன் வேலை. தொடர்கதை வேறு கழுத்தைப் பிடிக்கிறது, இன்னும் எட்டு வாரம் எழுதித் தர வேண்டும். ஆடி பிறந்ததும் முதல் ஞாயிறோ அடுத்த ஞாயிறோ நிச்சயம் வருகிறேன். நேரில் பேசுவோம்.

அண்ணன்,
அர்த்தநாரி

*

சங்ககிரி
20-7-1987

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமை சாயங்காலம் வந்தது. வியாழக்கிழமை போய்வந்தாயிற்று.

முழு உயிர் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். திங்கட்கிழமையிலிருந்தே அது அசைய ஆரம்பித்திருந்தது. அதை உங்களுக்கு எழுதவில்லை, நீங்கள் வரும்போது சொல்லலாம் என்று இருந்தேன். உங்கள் விஞ்ஞானத்தில் அதற்கு என்ன பெயரோ எனக்குத் தெரியாது.

நீங்கள் மாப்பிள்ளைக்கு எழுதிய கடிதத்தை அவர் எனக்குக் காட்டினார். 'அவரவர் சூழ்நிலையை அனுசரித்து, கலந்து பேசி, நல்ல முடிவாக எடுக்கவும்' என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு அவர் கேட்டார், "உங்கண்ணனே போக வேண்டாமுன்னு சொல்லலியே, அப்பறம் நீ என்னத்துக்கு அழுவற?"

மாமியார் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். பத்தியச் சோறு, வெந்நீர், எதிலும் குறை வைக்கவில்லை. "அடுத்தது ஆம்பளயா நிக்கும் சாமி, அழுகாத" என்று தலையைத் தடவிக்கொடுக்கிறார். அந்தக் கையைத் தட்டிவிட எனக்குத் தெம்பில்லை. பூங்கொடி மட்டும் பாப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ராதாமணி அவள் வாயைப் பொத்தி வெளியே இழுத்துக்கொண்டு போனாள். எட்டு வயதுக்கு அவளுக்கு என்ன புரிந்ததோ, அன்றிலிருந்து பாட்டிக்குக் கதை படித்துக் காட்ட மாட்டேன் என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.

சௌந்திரம்

*

ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
14-9-1987

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

நான் அனுப்பிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. ஆடிப் பெருக்குக்கு வந்தபோது நீ வெளியே வரவில்லை. உன் மாமியார் காபி கொடுத்து அனுப்பினார். உன் கோபம் எனக்குப் புரிகிறது.

தொடர்கதை சென்ற வாரம் முடிந்துவிட்டது. நீ படித்தாயோ என்னவோ. முதலில் நான் நினைத்திருந்த முடிவு வேறு. கல்யாணப் பந்தலில் எந்திரத் தங்கை பழுதாகி நின்றுவிடும், எல்லோரும் சிரித்துக்கொண்டே தாலி கட்டிவிடுவார்கள், அதோடு கதை முடிய வேண்டும். உன் கடிதத்துக்குப் பிறகு அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. மாற்றினேன். சீமையிலேயே கடைசியாகப் பெண் கரு சுமக்கிற ஒருத்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அவளுடைய அண்ணன் ஆகாய வண்டியில் வந்து இறங்கி, மிஷினை உடைத்து, அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். அவளுக்குப் பிறக்கிற பெண் குழந்தையோடு கதை முடிகிறது. அதை எழுதும்போது நான் அழுதேன் என்றால் நம்புவாயா?

கடிதங்கள் குவிகின்றன. கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு, தன் தங்கையைப் பார்க்க அன்றைக்கே பஸ் ஏறியதாக ஆத்தூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். இவ்வளவு நாள் விலாசம் கேட்ட ஜனங்கள்தான் இப்போது அழுகிறார்கள். எழுத்தால் எதுவும் ஆகாது என்று யார் சொன்னது?

புத்தகமாகப் போடச் சென்னையில் ஒரு பதிப்பாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தை மாதம் சேலத்தில் வெளியீட்டு விழா. புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'என் முதல் வாசகி, தங்கை சௌந்திரத்துக்கு' என்று போட ஆசைப்படுகிறேன். விழாவில் முதல் பிரதியை நீதான் வாங்க வேண்டும். வசந்தாமணியும் அதையே சொல்கிறாள். என்னால் செய்ய முடிந்தது இதுதான் அம்மிணி. ஒரு வரி எழுது.

அண்ணன்,
அர்த்தநாரி

*

சங்ககிரி
21-9-1987

அண்ணனுக்கு,

கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். கண்ணுசாமி லாரி ஆபீசில் படித்தபோது எல்லோரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். உங்கள் மாப்பிள்ளையும் துடைத்துக்கொண்டதாகக் கண்ணுசாமியே என்னிடம் சொன்னார். அழுது முடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். போன வாரம் பக்கத்துத் தெரு ராசம்மாளை அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். வழி சொல்லி அனுப்பியது என் மாமியார். இப்போது விலாசம் கேட்டு யாரும் பத்திரிகைக்கு எழுத வேண்டியதில்லை, எங்கள் வீட்டுக்கே வருகிறார்கள்.

என் பெயரைப் புத்தகத்தில் போட வேண்டாம். விழாவுக்கும் வர மாட்டேன். வசந்தாமணி நங்கையும் அதையே சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பெயரையும் போட வேண்டாம். அவரை அந்த மேசையில் படுக்க வைத்து நீங்கள் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அந்தப் புத்தகம். அதற்கு மேல் ஒரு மரியாதையை அவருக்குச் செய்யாதீர்கள்.

உங்கள் கதைகளில் எது நிஜம், எது கற்பனை என்று கண்டுபிடிப்பது சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு விளையாட்டு. நீங்கள் எழுதி நீட்டுவீர்கள், நான் படித்துவிட்டுச் சொல்வேன், பெரும்பாலும் தோற்றுப்போவேன். இந்தக் கதையில் தோற்கவில்லை. மீனில்லாத தொட்டி நிஜம். மிஷின் நிஜம். கை கழுவிய டாக்டர் நிஜம். கதைக்கு வெளியே சிரிக்கிற ஆபீஸ், விலாசம் கேட்கிற தலைமையாசிரியர், தலையைத் தடவிக்கொடுக்கிற மாமியார் எல்லாம் நிஜம். இதற்கெல்லாம் 2040 வரை போயிருக்க வேண்டியதே இல்லை.

அந்தப் புத்தகத்தில் விஞ்ஞானக் கற்பனை என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. தங்கையைக் கூட்டிப்போக அண்ணன் வந்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, அது.

சௌந்திரம்